ரெண்டு இஞ்சு தண்ணின்னா எத்தன கொடம்? தண்ணி ஓட்டத்த எந்த அளவுல சொல்றதுன்னு ஒரு கணக்கு

போன வருஷம் எங்க மச்சான் வீட்ல போர் போட்டாங்க, திங்கள்சந்தைக்கு கொஞ்சம் இந்தப்பக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வருது. "மாப்ள, ரெண்டு இஞ்சு தண்ணி கெடச்சிருக்கு கேட்டியா!" மனுஷன் குரல்ல அப்படி ஒரு சந்தோசம். நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம "ரெண்டு இஞ்சுன்னா எத்தன லிட்டர் மச்சான்?"னு கேட்டுட்டேன். அந்தப் பக்கம் வண்டி எரையிற சத்தம் மட்டுந்தான் கேக்குது. அப்புறம் அவரு போர் வண்டிக்காரங்ககிட்ட கேட்டிருக்காரு, அவங்க சொன்ன பதில் "ரெண்டு இஞ்சுன்னா ரெண்டு இஞ்சு சார், நல்ல தண்ணி". அவ்ளோதான். அதுக்கு மேல யாருக்கும் தெரியல, தெரியாமலே மோட்டார் வாங்கவும் கெளம்பிட்டாங்க.

இஞ்சுங்கிறது நீளத்தோட அளவு. தண்ணி எவ்ளோ வேகமா வருதுன்னு அது நேரடியா சொல்லாது. போர் போடுறவங்க சில பேரு, நடுவுல வி மாதிரி வெட்டுன ஒரு தகட்ட வச்சு, தண்ணிய அது வழியா போக விட்டு, அந்த வெட்டுல எத்தன இஞ்சு ஒசரத்துக்கு தண்ணி நிக்குதுன்னு பாத்து சொல்லுவாங்க, அதுக்கு வி-நாட்ச்னு பேரு. சில பேரு அதுவும் இல்லாம கண்ணால பாத்தே சொல்லிருவாங்க. வெட்டோட கோணம் 90 டிகிரியா இருந்தா 1 இஞ்சு ஒசரம்னா நிமிஷத்துக்கு 8, 9 லிட்டர். 2 இஞ்சுன்னா 17 லிட்டர்னு நெனைப்பீங்க, ஆனா கெடையாது, 48 லிட்டர்! 3 இஞ்சுன்னா 130ஐ தாண்டிரும். ஒசரம் ரெண்டு மடங்கானா தண்ணி அஞ்சரை மடங்குக்கு மேல ஆகுது, ஏன்னா ஒசரம் கூடக்கூட வெட்டோட அகலமும் கூடுது, தண்ணி பாயுற வேகமும் கூடுது. அதனால "ஒன்னரை இஞ்சு"க்கும் "ரெண்டு இஞ்சு"க்கும் நடுவுல இருக்குற அந்த அரை இஞ்சு சின்ன விஷயம் இல்ல, கண்ணால பாத்து சொல்றவரு அரை இஞ்சு தப்பா சொன்னா உங்க கணக்கு பாதிக்குப் பாதி மாறிரும். இன்னொன்னு, போர் போட்டு முடிச்ச கையோட கம்ப்ரசர் காத்துல அடிச்சு வெளிய தள்ளுற தண்ணிய பாத்து சொல்றதுதான் இந்த இஞ்சு எல்லாம். தெனமும் அதே அளவு ஊறும்னு அர்த்தம் இல்ல. மோட்டார் எறக்கி நாலஞ்சு மணி நேரம் ஓட விட்டு பாத்தாதான் நெசம் தெரியும்.

சரி, அப்ப எந்த அளவுல சொல்லணும்? எங்க அம்மாகிட்ட இருந்துதான் நான் இத படிச்சேன், அவங்களுக்கு லிட்டர் கணக்கெல்லாம் ஒன்னும் கெடையாது.

எங்க தெருக்கொழாய்ல காலைல ஒரு மணி நேரந்தான் தண்ணி வரும். பன்னெண்டு வீட்டுக்கு ஒரே கொழாய். அம்மா மொத கொடத்த வச்சுட்டு அப்படியே நின்னு பாப்பாங்க, நெறஞ்ச ஒடனே திரும்பி எல்லாருக்கும் கேக்குற மாதிரி "இன்னைக்கு கொடத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆவுது, ஆளுக்கு ரெண்டு ரெண்டு கொடம் வைங்க, பொறவு மிச்சத்த பாக்கலாம்"னு சொல்லுவாங்க. ஒரு மணி நேரத்துல முப்பது கொடம், பன்னெண்டு வீடு, ஆளுக்கு ரெண்டரை. தண்ணி மெலிஞ்சு வர்ற அன்னைக்கு "மூணு நிமிஷம் மக்களே"ன்னு சொன்னாங்கன்னா மொத்தமே இருபது கொடந்தான், அன்னைக்கு சண்ட உறுதி. நான் ஒருநாள் ஒரு லிட்டர் பாட்டில்ல ஊத்தி ஊத்தி எங்க கொடத்த அளந்தேன், 14 லிட்டர். அப்ப அந்தக் கொழாய் நிமிஷத்துக்கு 7 லிட்டர். அம்மாகிட்ட சொன்னேன், "அத வச்சு நான் என்ன செய்ய?"ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயமானதாக்கும். வரிசைல நிக்கிறவங்களுக்கு ஒரு கொடம் நெறைய எவ்ளோ நேரம் ஆகும்கிறதுதான் வேணும். ஒரு நிமிஷத்துக்கு எவ்ளோ தண்ணிங்கிறது அவங்களுக்கு எதுக்கு?

நான் சொல்ல வர்ற விஷயம் இதுதான். கைல என்ன பாத்திரம் இருக்கு, எவ்ளோ நேரம் நிக்கப் போறீங்க, இந்த ரெண்டையும் வச்சு அளவ எடுங்க. வர்ற நம்பர் ஒன்னுல இருந்து சில நூறுக்குள்ள இருந்தா மனசுல நிக்கும். 0.0023ன்னு வந்தாலோ 4,86,000ன்னு வந்தாலோ யூனிட்ட மாத்துங்க. மச்சானோட ரெண்டு இஞ்சு நெசமாவே வி-நாட்ச் ரெண்டு இஞ்சா இருந்தா அம்மா பாஷைல கொடத்துக்கு 17, 18 செகண்ட். இப்ப புரியுதா எவ்ளோ தண்ணின்னு?

வீட்டுக் கொழாய அளக்க நிமிஷத்துக்கு லிட்டர் போதும், மோட்டார் கட பாஷைல எல்பிஎம். ஒரு பக்கெட்டு, ஒரு போன், வேற ஒன்னும் வேண்டாம். பக்கெட்டு மேல போட்டிருக்குற லிட்டர நம்பாதீங்க. வாய் வரைக்கும் ரொப்புனா ஒன்னு, வரி வரைக்கும் ரொப்புனா ஒன்னு. ஒரு லிட்டர் பாட்டில்ல பத்து தடவ ஊத்தி, பத்து லிட்டர் எந்த எடத்துல நிக்குதோ அங்க ஒரு கோடு போட்டுக்கங்க, நான் நெயில் பாலிஷ்ல போட்டேன், பொண்டாட்டி திட்டுனது தனிக்கத. கொழாய முழுசா தெறந்து, ஓட்டம் சீரான பொறவு பக்கெட்ட அடில தள்ளி டைமர போடுங்க, கோட்ட தொட்டதும் நிறுத்துங்க. 50 செகண்டுன்னா 600ஐ 50ஆல வகுங்க, நிமிஷத்துக்கு 12 லிட்டர். அந்த 600 எங்க இருந்து வந்துச்சுன்னா, பத்து லிட்டர் பெருக்கல் அறுபது செகண்ட். மூணு தடவ அளந்து நடுவுல வர்றத எடுத்துக்கங்க. தெருவுல எல்லாரும் தெறக்குற காலை ஆறரைக்கு ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ அளந்தா வித்தியாசம் தெரியும். ரொம்ப வேகமா கொட்டுற கொழாய்க்கு பத்து லிட்டர் பத்தாது, அஞ்சு செகண்ட்ல நெறஞ்சிரும், பட்டன அமுக்குறதுல ஒரு செகண்ட் தப்பினாலே இருபது சதவீதம் போச்சு. அதுக்கு பெரிய டிரம் வைங்க, அளக்க அரை நிமிஷமாவது ஆகணும்.

அடுத்தது மோட்டார். இதுல நானே ஏமாந்தேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். நான் வாங்குன மோட்டார் டப்பால "அதிகபட்ச ஹெட் 40 மீட்டர், அதிகபட்ச டிஸ்சார்ஜ் மணிக்கு 3000 லிட்டர்"னு போட்டிருந்துச்சு. ஹெட்னா தண்ணிய தள்ளுற ஒசரம், டிஸ்சார்ஜ்னா வெளிய வர்ற தண்ணி. கடக்காரரும் "ஆயிர லிட்டர் டேங்கு இருபதே நிமிஷம் சார்"னாரு. மாட்டினா, டேங்க் நெறைய 42 நிமிஷம்! நானும் மோட்டார் கெட்டுப் போச்சுன்னு சண்டைக்கே போயிட்டேன். விஷயம் என்னன்னா அந்த ரெண்டு அதிகபட்சமும் ஒரே நேரத்துல வராது. 40 மீட்டர் ஒசரத்துக்கு தள்ளும்போது தண்ணி ஏறக்குறைய சொட்டுக்கூட வராது, 3000 லிட்டர் வரும்போது ஒசரமே இருக்காது. எங்க கிணத்துல தண்ணி கெடக்குறது மேல இருந்து 18 அடில, டேங்க் மொட்டை மாடில 26 அடில, சேத்து 44 அடி, அதாவது 13 மீட்டருக்கு மேல, அதுல முக்காஇஞ்சு பைப்பும், பைப்ப வளைக்கிற ஏழு எல்போவும் வேற. அதுக்கு நிமிஷத்துக்கு 24 லிட்டர் வந்ததே பெருசு. டப்பாக்குள்ள ஒரு சின்ன டேபிள் இருக்கும், எந்த ஹெட்டுக்கு எவ்ளோ டிஸ்சார்ஜ்னு, அத பாத்து வாங்குங்க. கம்பெனிக்காரங்க மணிக்கு லிட்டர்ல போடுறது நம்பர் பெருசா தெரியுறதுக்குன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 60ஆல வகுத்து நிமிஷத்துக்கு கொண்டு வந்துட்டு அப்புறமா வெலைய பேசுங்க. சில டப்பால செகண்டுக்கு லிட்டர்னு இருக்கும், அது 1ன்னா நிமிஷத்துக்கு 60, மணிக்கு 3600.

பைப்பு சைஸ்லயும் இதே இஞ்சுக் குழப்பம் உண்டு. ஒரு இஞ்சு பைப்ப எடுத்துட்டு ரெண்டு இஞ்சு போட்டா பைப்பு ஓட்டையோட பரப்பு ரெண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். பிளம்பர் "ஒரு சைஸ் கூட்டிப் போடுங்க"ன்னு சொன்னா காசுக்காக மட்டும் சொல்லலன்னு நம்பலாம், பல நேரம்.

சின்ன ஓட்டத்துக்கு வருவோம். ஆர்ஓ மெஷின்ல மணிக்கு 12 லிட்டர்னு போட்டிருக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது நிமிஷத்துக்கு 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர். விருந்தாளி ஆறு பேரு வந்தா ஆறு நிமிஷம் நிக்க வைக்கணும், அதான் அதுல டேங்க் வச்சிருக்கான். வாழைக்கு சொட்டு நீர் போட்டவங்களுக்கு மணிக்கு லிட்டருதான் சரியான அளவு, ஏன்னா டிரிப்பரே மணிக்கு 4 லிட்டர், 8 லிட்டர்னுதான் வருது, வால்வ தெறந்து விட்டுட்டு மணிக்கணக்குலதான் போவீங்க. ஏத்தன் வாழைக்கு ஒரு மூட்டுக்கு, அதாவது ஒரு மரத்துக்கு, நாளைக்கு 15 லிட்டர்னு வச்சா, 4 லிட்டர் டிரிப்பர் ரெண்டு போட்ட மூட்டுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் கொறவு. ஆனா டிரிப்பர் அடச்சுக்கும், அதனால வரிசைல கடைசி மூட்டுல ஒரு டம்ளர வச்சு 3 நிமிஷம் பாருங்க, 4 லிட்டர் டிரிப்பர்னா 200 மில்லி இருக்கணும்.

ஒழுகுற கொழாய்க்கு சொட்ட எண்ணாதீங்க. ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்துறப்ப நர்ஸ் சொட்ட எண்றாங்களே, அது வேற கத, அந்த டியூப்ல 20 சொட்டு 1 மில்லின்னு அளவு வச்சே செஞ்சிருப்பாங்க, அரை லிட்டர் பாட்டில நாலு மணி நேரத்துல ஏத்தணும்னா நிமிஷத்துக்கு 42 சொட்டு, அவங்க நின்னு பாக்குறது ஒரு நிமிஷம், அதுக்கேத்த யூனிட். வீட்டுக் கொழாய் சொட்டு பெருசு, கொழாய்க்கு கொழாய் மாறும். அடில ஒரு சருவத்த வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து அளங்க. எங்க வாஷ்பேசின்ல 700 மில்லி இருந்துச்சு. மணிக்கு 700 மில்லின்னு சொன்னா வீட்ல ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. மாசத்துக்கு 500 லிட்டர், அரை டேங்க்னு சொன்னதும் அன்னைக்கே வாஷர் மாத்தியாச்சு. ஓட்டம் ஒன்னுதான், சொன்ன யூனிட் வேற. மீட்டர் வச்சிருக்குறவங்களுக்கு இன்னும் சுலபம். மீட்டர்ல கருப்பு நம்பர் கன மீட்டர், ஒரு கன மீட்டர்னா ஆயிரம் லிட்டர், அதத்தான் கிலோ லிட்டர்னும் சொல்றாங்க, செவப்பு அதுக்குக் கீழ உள்ள லிட்டர் கணக்கு. படுக்கப் போறப்ப எழுதி வச்சுட்டு காலைல எல்லாரும் எந்திக்கிறதுக்கு முன்னாடி பாருங்க, செவப்பு நகந்திருந்தா எங்கயோ ஒழுகுது.

இனி சானல் கணக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பொறந்துட்டு இது தெரியாம இருக்கக்கூடாது. ஜூன் மாசம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணைய தெறந்ததும் புத்தனாறு, அனந்தனாறு, தோவாளை சானல்னு எல்லாம் தண்ணி வரும், பக்கெட்டு வச்சு அளக்க முடியாது. இங்க யூனிட் கன அடி, அதுவும் செகண்டுக்கு கன அடி, ஆபீஸ் பாஷைல கியூசெக். ஒரு கியூசெக்னா செகண்டுக்கு 28.3 லிட்டர், ரெண்டு கொடம்.

எப்படி அளக்குறது? வளைவு இல்லாம நேரா ஓடுற எடமா பாத்து, கரைல 30 அடி அளந்து ரெண்டு பக்கமும் ஒரு கம்ப குத்துங்க. தென்னைக்கு அடில கெடக்குற குரும்பை ஒன்ன எடுத்து நடுத்தண்ணில போடுங்க. தெர்மாகோல் வேண்டாம், காத்து தள்ளிட்டுப் போயிரும், குரும்பை பாதி முங்கி மெதக்கும், அதான் வேணும். எங்க வீட்டுப் பின்னால ஓடுற கிளை சானல்ல 30 அடி போக 24 செகண்ட், அதாவது செகண்டுக்கு 1.25 அடி. அகலம் 4 அடி, ஆழம் மூணு எடத்துல பாத்து சராசரி 1.25 அடி. மூணையும் பெருக்குனா 6.25. ஆனா மேல்தண்ணி வேகமா ஓடும், அடிலயும் கரையோரமும் மெதுவாத்தான் ஓடும், அதனால 0.8ஆல பெருக்கிக்கணும், 5 கியூசெக். காய் ஒரு அஞ்சு தடவையாவது போட்டுப் பாருங்க, புல்லுல மாட்டுனத கணக்குல சேக்காதீங்க. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனாலும் இத செஞ்சு பாக்கலாம், 1966ல கட்டுனது, தண்ணி போற தொட்டி ஒரே அகலமா நேரா இருக்கும், பக்கத்துலயே நடைபாதை. ஆனா காய் பின்னாடி ஓடுற ஜோர்ல கீழ 115 அடி இருக்குங்கிறத மறந்துராதீங்க.

கியூசெக்க ஏன் விடாம வச்சிருக்காங்கன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சதுண்டு, வெள்ளக்காரன் விட்டுட்டுப் போனதுதானேன்னு. அப்புறம் வயலுக்கு கணக்கு போட்டப்பதான் அழகு தெரிஞ்சுது. ஒரு கியூசெக் தண்ணிய ஒரு ஏக்கர் வயலுக்கு ஒரு மணி நேரம் விட்டா ஏறக்குறைய ஒரு இஞ்சு தண்ணி நிக்கும். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு இஞ்சு ஆழத்துக்கு 3630 கன அடி, ஒரு மணி நேரத்துக்கு 3600 செகண்ட், பாருங்க எப்படி பொருந்துதுன்னு. இங்கதான் இஞ்சுக்கு மரியாத, ஏன்னா இது நெசமாவே ஒசரம். தாத்தா "ரெண்டு இஞ்சு வெள்ளம் நிக்கணும்"னு சொன்னா அது சரியான அளவு. 40 சென்ட் வயல், மடை வழியா அரை கியூசெக் வருதுன்னா ரெண்டு இஞ்சுக்கு ஒரு மணி 36 நிமிஷம், ஊறிப் போறதுக்கும் சேத்து ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கலாம். "நீ ராத்திரி முழுக்க மடைய தெறந்து வச்சுட்ட"ன்னு அடுத்த வயக்காரர் சண்டைக்கு வந்தா இந்தக் கணக்க காட்டுங்க. ஒத்துக்குவாருன்னு நான் சொல்ல மாட்டேன்.

பேப்பர்ல அணை நியூஸ் படிக்கிறப்ப மூணு வேற வேற விஷயம் ஒரே வரில வரும், கவனிங்க. "பேச்சிப்பாறை நீர்மட்டம் இத்தன அடி"ங்கிறது ஒசரம், மொத்தம் 48 அடி. பெருஞ்சாணி 77 அடி, அதனால பெருஞ்சாணி பெருசுன்னு நெனச்சா தப்பு, தண்ணி கொள்றது பேச்சிப்பாறைலதான் அதிகம். அணைக்குள்ள அடிப்பக்கம் குறுகல், மேல போகப் போக அகலம், அதனால 20ல இருந்து 21 அடி ஏறுறதும் 46ல இருந்து 47 அடி ஏறுறதும் ஒன்னு இல்ல. "வரத்து 500 கன அடி"ங்கிறது ஓட்டம், அது செகண்டுக்கு, அந்த "விநாடிக்கு"ங்கிறத பல நேரம் போடாம விட்டுருவாங்க, நம்மாளுக நாளைக்கு 500னு நெனச்சுக்கிட்டு டீக்கடைல பேசிட்டு இருப்பாங்க. 500 கன அடின்னா செகண்டுக்கு 14,000 லிட்டருக்கு மேல, 12,000 லிட்டர் தண்ணி லாரி செகண்டுக்கு ஒன்னு காலியாகுறதுக்கும் மேல. மூணாவது டிஎம்சி, அது மொத்த அளவு, நூறு கோடி கன அடி. 500 கன அடி நிக்காம வந்தா ஒரு டிஎம்சி சேர 23 நாள். ஒரே ஒரு கியூசெக் நாள் முழுக்க ஓடுனாலே 24 லட்சம் லிட்டர தாண்டும், அதனால சானல்ல ஒரு கியூசெக் வீணா போகுதுன்னா லேசா எடுத்துக்காதீங்க.

மழைக்கு செண்டிமீட்டரே போதும். எடவப்பாதி, ஐப்பசி மழைன்னு ரெண்டு பருவமும் நமக்கு உண்டு. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடில 1 செண்டிமீட்டர் மழ பெய்ஞ்சா 930 லிட்டர், ஏறக்குறைய ஒரு டேங்க். சென்ட் கணக்குல சொன்னா சென்டுக்கு 400 லிட்டர். மாடில இருந்து தண்ணி எறங்குற பைப்புக்கு மட்டும் மொத்த மழ உதவாது, ஒரு மணி நேரத்துல எவ்ளோ பெய்ஞ்சுதுங்கிறதுதான் வேணும். மணிக்கு 5 செண்டிமீட்டர்னு அடிச்சா அந்த மாடில நிமிஷத்துக்கு 77 லிட்டர் எறங்கணும், ஒரே பைப்ப வச்சுட்டு அதுலயும் எலய விழ விட்டா மாடி குளமாயிரும்.

கடைசியா, எங்க வீட்டு மோட்டார் சுவிட்சு பக்கத்துல மார்க்கர்ல "42 நிமி"ன்னு எழுதி வச்சிருக்கேன். லிட்டரும் இல்ல, எல்பிஎம்மும் இல்ல, காலி டேங்க் நெறையுற நேரம் மட்டும். அம்மா அத பாத்துதான் சுவிட்சப் போட்டுட்டு சந்தைக்குப் போறதா, நின்னு ஆஃப் பண்றதான்னு முடிவு பண்றாங்க. போன சித்திரைல ஒருநாள் "மக்களே, 55 ஆவுது"ன்னாங்க. கிணத்துல தண்ணி கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு, ஆனா பதிமூணு நிமிஷத்துக்கு அது காரணம் இல்ல. கிணத்துக்குள்ள பைப்போட அடில இருக்குற ஃபுட்வால்வ தூக்கிப் பாத்தா மாவெல ஒன்னு அப்பிட்டு இருந்துச்சு. எடுத்துப் போட்டோம், 44.